"நேற்று இவர் இப்படி இல்லை": மருத்துவமனையில் முதியவர்களுக்கு வரும் திடீர்க் குழப்பமும் அதற்கு அடியில் இருக்கும் நலிவும்

இரவு இரண்டு மணி. வார்டில் ஒரு பாட்டி எழுந்து உட்கார்ந்து, கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப் ஊசியைப் பிடுங்கிவிட்டு, "மாட்டைப் பிடித்துக் கட்டுங்கள், பயிரில் இறங்கிவிட்டது" என்று கத்துகிறார். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்த மகள் பதறி எழுகிறாள். இரண்டு நாள் முன்புவரை பால்காரர் கணக்கைக்கூட மனத்திலேயே வைத்திருந்தவர், இப்போது மகளைப் பார்த்து "நீ யார்?" என்கிறார்.

விடிவதற்குள் அதற்கு நான்கு விளக்கங்கள் பிறந்துவிடும். வயதானால் இப்படித்தான் என்பார் பக்கத்துக் கட்டில்காரர். மறதி நோய் தொடங்கிவிட்டது என்பார் மருமகன். காற்றுக் கருப்பு அண்டியிருக்கும், மந்திரித்துத் திருநீறு போடலாம் என்பார் ஊரிலிருந்து வந்த சித்தி. ஆபரேஷனுக்குக் கொடுத்த மயக்க மருந்து மூளையைக் கெடுத்துவிட்டது என்பார் இன்னொருவர். முதல் மூன்றும் தவறு. நான்காவதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

இருபத்தாறு ஆண்டுகள் செவிலியராக வார்டுகளில் இருந்தவள் நான். தொடக்க காலத்தில் "வயதின் கோளாறு" என்ற பதிலை நானும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்ன ஒவ்வொரு முறையும் ஒரு அபாய அறிவிப்பைக் காதில் வாங்காமல் விட்டிருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெயரிலிருந்து தொடங்கலாம்

மருத்துவர்கள் இந்த நிலையை டெலிரியம் என்கிறார்கள். லத்தீனில் 'லிரா' என்றால் ஏர் ஓடிய சால். சாலை விட்டு விலகுவது என்பதே அந்தச் சொல்லின் வேர்ப்பொருள். உழவு தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. மாடு இருக்கிறது, ஏர் இருக்கிறது, உழுகிறவரும் இருக்கிறார். ஆனால் கொழு சாலில் நிற்காமல் கோணல்மாணலாக இழுத்துக்கொண்டு போகிறது. சால் தப்பிய ஏர் மறுபடி சாலுக்குள் வரவும் முடியும்.

தமிழிலும் இதற்கு ஒரு பழைய சொல் உண்டு: ஜன்னி. "காய்ச்சல் முற்றி ஜன்னி கண்டுவிட்டது, பிதற்றுகிறார்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். சன்னிபாதம் என்ற வைத்தியச் சொல்லின் தேய்ந்த வடிவம் அது. வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெட்ட நிலையை அது குறித்தது. அந்தக் கொள்கையை இன்று நாம் ஏற்கிறோமோ இல்லையோ, சொல்லுக்குள் இருக்கும் பார்வை சரியானது: பிதற்றல் மனத்தில் முளைத்ததல்ல, உடம்பு கெட்டதால் வந்தது. பின்னால் வலிப்பு, பிரசவக் காய்ச்சல் என்று எல்லாவற்றுக்கும் ஜன்னி என்றே சொல்லிச் சொல்லி அந்தச் சொல் மங்கிப்போயிற்று. ஆகவே இங்கே 'திடீர்க் குழப்பம்' என்று எழுதுகிறேன்.

சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தோன்றும். ஒரே நாளுக்குள் கூடியும் குறைந்தும் ஆட்டம் காட்டும். முதலில் கவனத்தைக் குலைக்கும். அதன் காரணம் பெரும்பாலும் மூளைக்கு வெளியே, உடம்பில் வேறெங்கோ இருக்கும். திடீர்க் குழப்பம் என்றால் இவ்வளவுதான். இது அரிய நோயும் அல்ல. பொது மருத்துவ வார்டில் இருக்கும் முதியவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இதற்கு ஆளாகிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களிடம் இது இன்னும் அதிகம்.

கலைவது நினைவு அல்ல, கவனம்

கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் ஒரு பக்கம், பந்தியின் கூச்சல் ஒரு பக்கம், பிள்ளைகளின் ஓட்டம் ஒரு பக்கம். அத்தனைக்கும் நடுவே யாரோ நம் பெயரைச் சொல்லி அழைத்தால் சட்டென்று திரும்புகிறோம். வேண்டாத ஓசைகளைத் தள்ளிவிட்டு வேண்டியதை மட்டும் பிடிக்கும் சல்லடை ஒன்று மூளையில் ஓயாமல் வேலை செய்வதால்தான் அது நடக்கிறது. அந்தச் சல்லடைக்குப் பெயர் கவனம்.

திடீர்க் குழப்பத்தில் கிழிவது அந்தச் சல்லடைதான். பக்கத்துக் கட்டிலின் இருமல், மானிட்டரின் 'பீப்' ஒலி, சுவரில் ஆடும் மின்விசிறி நிழல், மகள் சொல்லும் சொல் எல்லாமே ஒரே வலுவோடு உள்ளே பாய்கின்றன. எது முக்கியம் என்று பிரிக்க முடியாத மூளை, கையில் கிடைத்த துண்டுகளை ஒட்டித் தனக்குத் தெரிந்த கதை ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. வாழ்நாளெல்லாம் மாடு மேய்த்த பாட்டிக்கு ஆடும் நிழல் மாடாகிறது. அறுவை முடிந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் விடியவிடிய டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மாதங்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லச் சொல்வது உலகெங்கும் மருத்துவர்கள் செய்கிற சோதனை. நம் வீட்டுப் பெரியவர்களிடம் "பங்குனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்கலாம். பங்குனி, மாசி, தை, மார்கழி என்று வர வேண்டும். மாதங்கள் கடினமாக இருந்தால் கிழமைகள் போதும்: ஞாயிறு, சனி, வெள்ளி. முந்தாநாள் வரை சரளமாகச் சொல்லக்கூடியவராக இருந்தவர், இரண்டு சொல்லிவிட்டு எங்கோ பார்த்தாலோ என்ன கேட்டோம் என்பதையே மறந்துவிட்டாலோ அது செய்தி.

மறதி நோயிலிருந்து இது வேறுபடும் இடமும் இதுதான். டிமென்ஷியா எனப்படும் மறதி நோய், ஆண்டுக்கணக்கில் கரையை அரிக்கும் ஆறு போன்றது. திடீர்க் குழப்பம் ஒரே இரவில் ஊருக்குள் புகும் வெள்ளம். வெள்ளம் வடியும், அரித்த கரை திரும்பாது. ஆனால் அரித்த கரை இருக்கிற இடத்தில் வெள்ளம் எளிதாகப் புகும் என்பதையும் மறக்கக் கூடாது. ஏற்கெனவே மறதி நோய் உள்ளவர் மருத்துவமனையில் இரண்டே நாளில் மிகவும் மோசமானால், "அவருக்கு எப்போதும் இப்படித்தான்" என்று விட்டுவிடுவது பெரிய தவறு. அவர்தான் திடீர்க் குழப்பத்துக்கு எளிதில் ஆளாகிறவர்.

1990-இல் அமெரிக்க முதியோர் மருத்துவர் ஷாரன் இனோயேயும் அவரது குழுவினரும் இதைக் கண்டறிய ஒரு எளிய முறையை வகுத்தார்கள். நான்கு கேள்விகள். மாற்றம் திடீரென வந்து ஏறி இறங்குகிறதா? கவனம் சிதறுகிறதா? பேச்சு கோவையற்று இருக்கிறதா? விழிப்பு நிலை மாறியிருக்கிறதா, அதாவது அளவுக்கு மீறிய பரபரப்போ தூக்கக் கலக்கமோ தெரிகிறதா? முதல் இரண்டும் கட்டாயம் இருந்து, அவற்றோடு பின்னிரண்டில் ஒன்று சேர்ந்தால் திடீர்க் குழப்பம் என்று கொள்ளலாம். இதில் முதல் கேள்விக்கு மருத்துவரால் தனியாகப் பதில் சொல்ல முடியாது என்பதைக் கவனியுங்கள். நோயாளியை அவர் பார்ப்பது இன்றைக்குத்தான். நேற்று எப்படி இருந்தார் என்பது வீட்டாருக்குத்தான் தெரியும்.

சுருங்கச் சொன்னால்: இது திடீரென வரும், ஏறி இறங்கும், கவனத்தைக் கலைக்கும். மெல்ல வளரும் மறதி நோய் அல்ல. கண்டுபிடிக்கத் தேவையான முதல் தகவல் உடன் இருப்பவரிடம் இருக்கிறது.

நலிவு: பழைய இன்வெர்ட்டர் பேட்டரி

ஒரே காய்ச்சல், ஒரே ஊசி, ஒரே வார்டு. நாற்பது வயதுக்காரர் மூன்று நாளில் எழுந்து போகிறார். எண்பது வயதுக்காரர் மாட்டைக் கட்டச் சொல்கிறார். ஏன்? வயது என்று சொன்னால் பாதி பதில்கூட ஆகாது. அதே வார்டில் எண்பத்தைந்து வயதிலும் தெளிவாக இருந்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்களே.

வீட்டில் இரண்டு இன்வெர்ட்டர் பேட்டரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று புதியது, மற்றது ஆறேழு ஆண்டு பழையது. மின்சாரம் இருக்கும்வரை இரண்டு அறைகளிலும் விளக்கு ஒரே மாதிரி எரியும். எந்த பேட்டரி பழையது என்று யாராலும் சொல்ல முடியாது. மின்சாரம் போன பிறகுதான் வேறுபாடு தெரியும். புதியது நான்கு மணி நேரம் தாங்கும். பழையதில் அரை மணியில் மின்விசிறி மெதுவாகும், பிறகு விளக்கு மங்கும்.

அந்தப் பழைய பேட்டரியின் நிலைதான் நலிவு. உடம்பின் கையிருப்பு பல உறுப்புகளிலும் ஒருசேரக் குறைந்து, சிறிய அடியையும் தாங்க முடியாமல் இருப்பதை மருத்துவத்தில் இப்படி அழைக்கிறார்கள். நலிவு என்பது நோயும் அல்ல, வயதும் அல்ல, கையிருப்பின் கணக்கு. பருமனாக இருப்பவரும் நலிந்தவராக இருக்கலாம், கொழுப்புக்கு அடியில் தசை கரைந்திருக்கலாம்.

2001-இல் லிண்டா ஃப்ரீட் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் நலிவுக்கு ஐந்து அடையாளங்களைச் சொன்னார்கள். முயற்சி செய்யாமலே ஓராண்டில் நாலரைக் கிலோவுக்குமேல் எடை குறைவது, எதைச் செய்தாலும் களைத்துப்போவது, கைப்பிடி வலு குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. இவற்றில் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நலிவு; ஒன்றிரண்டு இருந்தால் அதன் வாசலில் நிற்கிறார் என்று பொருள். வீட்டிலேயே பார்க்கலாம். நான்கு மீட்டர் தூரத்தை நடக்க ஐந்து விநாடிக்குமேல் ஆனால் ஐயப்படலாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியவில்லை, ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை, வழக்கமாகப் போகும் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார், சட்டையும் ரவிக்கையும் தொளதொளவென்று ஆகிவிட்டன: இவற்றை நாம் ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம், ஆனால் சேர்த்துப் பார்ப்பதில்லை. "அப்பா ஒடுங்கிவிட்டார்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

இப்போது இரண்டையும் இணைத்துவிடலாம். நலிவு என்பது கையிருப்பின் குறைவு. திடீர்க் குழப்பம் என்பது அந்தக் கையிருப்பு தீர்ந்துபோன தருணம். கையிருப்பு நிறைய உள்ளவரைக் குழப்ப, கடுமையான நிமோனியாவோ பெரிய அறுவையோ வேண்டியிருக்கும். நலிந்தவருக்கு ஒரு சிறுநீர்த் தொற்று போதும், இரண்டு இரவுத் தூக்கம் கெட்டால் போதும், ஒரு சளி மாத்திரை போதும்.

மூளை ஏன் முதலில் தடுமாறுகிறது?

உடம்பின் எடையில் மூளை ஏறத்தாழ இரண்டு சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு மூளைக்குப் போகிறது. பிராணவாயுவும் சர்க்கரையும் சற்றுக் குறைந்தாலும் அதற்குத் தாங்காது. எனவே நுரையீரலில் சளி கட்டினாலும், சர்க்கரை இறங்கினாலும், ரத்தத்தில் சோடியம் குறைந்தாலும், முதல் அறிகுறி நெஞ்சிலோ வயிற்றிலோ தெரியாமல் பேச்சில் தெரியலாம். முதியவருக்கு நிமோனியா வந்தும் காய்ச்சலே இல்லாமல், இருமலும் இல்லாமல், குழப்பம் மட்டுமே இருப்பது வார்டில் அடிக்கடி காண்கிற காட்சி.

இரண்டாவது வழி, அழற்சி. தொற்றோ காயமோ ஏற்பட்டால் நோயெதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன் என்னும் வேதித்தூதுகளை ரத்தத்தில் விடுகின்றன. காய்ச்சலில் நாம் சோர்ந்து, பசியற்றுப் படுத்துக்கொள்வது இவற்றால்தான். மூளைக்கும் சொந்தமாகக் காவல் அணுக்கள் உண்டு. வயதான மூளையில், அதிலும் மறதி நோய் தொட்ட மூளையில், அந்தக் காவலர்கள் முன்பே பதற்றத்தோடு நிற்கிறார்கள். காலில் வந்த தொற்றின் செய்தி எட்டியதுமே அவர்கள் அளவுக்கு மீறி எதிர்வினை காட்ட, நரம்பணுக்களுக்கு இடையிலான பேச்சு குலைந்துபோகிறது.

மூன்றாவது, அசிட்டைல்கோலின். ஒரு நரம்பணுவிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருள் அது. கவனம் என்ற சல்லடையை இழுத்துக் கட்டி வைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வயதில் அது குறைகிறது. அந்த நேரத்தில் அதைத் தடுக்கிற மருந்து ஒன்றை உள்ளே அனுப்பினால் என்ன ஆகும்? இந்த இடத்தில் வீட்டார் கூடுதலாகக் கவனம் வைக்க வேண்டும், ஏனென்றால் அப்படிப்பட்ட மருந்துகள் மிகச் சாதாரண முகத்தோடு வருகின்றன. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின். சிறுநீர் அடிக்கடி வருவதைக் குறைக்கும் ஆக்ஸிபியூட்டினின். நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் எழுதப்படும் அமிட்ரிப்டிலின். இவை போக, வேறு வழியில் மூளையை மந்தமாக்கும் அல்பிரசோலம், டயாசெபம் போன்ற தூக்க மாத்திரைகள். ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டு வந்ததைத் திடீரென நிறுத்தினாலும் குழப்பம் வரும், புதிதாகத் தொடங்கினாலும் வரும். எனவே நீங்களாக நிறுத்த வேண்டாம். வீட்டு மாத்திரைகள் அத்தனையையும் அட்டையோடு பையில் போட்டுக் கொண்டுவந்து டியூட்டி டாக்டரிடம் காட்டுங்கள். தினமும் மது அருந்துகிறவராக இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குடி நின்ற இரண்டு மூன்று நாளில் வரும் குழப்பம் உயிருக்கே ஆபத்தானது. அதற்கான சிகிச்சையும் வேறு.

மயக்க மருந்து பற்றிய அந்தத் துளி உண்மைக்கு இப்போது வரலாம். அறுவைக்குப் பிறகு குழப்பம் வருவது உண்மை. ஆனால் குற்றவாளி மயக்க மருந்து மட்டும் அல்ல. இடுப்பெலும்பு முறிந்தவர்களில் முழு மயக்கம் கொடுக்கப்பட்டவர்களையும், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்யப்பட்டவர்களையும் ஒப்பிட்டு 2021-இல் வெளியான பெரிய ஆய்வில், இரு பக்கமும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் குழப்பம் வந்தது. எலும்பு முறிவின் அழற்சி, வலி, ரத்த இழப்பு, பட்டினி, தூக்கமின்மை என்று எல்லாம் சேர்ந்தே அந்த வேலையைச் செய்கின்றன.

ஆக, ஆற்றல் குறைவு, அழற்சி, வேதித்தூதில் தடை ஆகிய மூன்று வழிகளிலும் கவனம் கலைகிறது. ஒருவருக்கே இரண்டு மூன்று காரணங்கள் ஒன்றாக இருப்பதுதான் வழக்கம். ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்திவிடக் கூடாது.

சத்தம் போடாத குழப்பம்

இதுவரை சொன்ன பாட்டி கத்தினார், ஊசியைப் பிடுங்கினார். அதனால் எல்லோரும் ஓடி வந்தோம். இதன் இன்னொரு வகை ஓசையே எழுப்பாது. நோயாளி அமைதியாகப் படுத்திருப்பார். கூப்பிட்டால் கண் திறப்பார், "ம்" என்பார், மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். கஞ்சி கொடுத்தால் இரண்டு வாய் குடிப்பார். எதையும் கேட்க மாட்டார். முதியவர்களிடம் இந்த அமைதியான வகை மிகுதி. கண்டுபிடிக்கப்படாமல் போவதும் இதுவே அதிகம். விளைவும் பெரும்பாலும் மோசமாக இருக்கிறது, ஏனென்றால் காரணத்தை யாரும் தேடுவதில்லை.

ஒரு பாட்டியை என்னால் மறக்க முடியாது. எழுபத்தொன்பது வயது, கால் வீக்கத்துக்காகச் சேர்ந்தவர். தொந்தரவே கொடுக்காத நோயாளி என்று நாங்கள் எல்லோரும் அவரைப் பாராட்டினோம். இரவு டியூட்டியிலிருந்து காலை டியூட்டிக்கு மாறும்போது "ஒன்பதாம் கட்டில் நன்றாகத் தூங்கினார்கள்" என்று நானே சொல்லியிருக்கிறேன். மூன்றாம் நாள் கல்லூரியில் படிக்கும் பேரன் வந்தான். பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு நேராக என்னிடம் வந்தான்.

"சிஸ்டர், பாட்டி பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. போன வாரம்கூட என்னைப் போனில் ஒரு மணி நேரம் திட்டினார்கள்."

டாக்டரை அழைத்தேன். அடிவயிறு கல் போல் இருந்தது. சிறுநீர் கட்டிக்கிடந்தது, மலமும் நான்கு நாளாகப் போகவில்லை. ரத்தத்தில் சோடியம் மிகவும் குறைந்திருந்தது. முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய செய்திகள் அவை. நாங்கள் தூக்கம் என்று நினைத்தது தூக்கமே அல்ல.

மருத்துவமனையே காரணமாகும்போது

இதைச் சொல்ல எனக்குச் சங்கடம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும். 1996-இல் இனோயேயின் குழு, மருத்துவமனையில் சேர்ந்த பின் குழப்பத்தைத் தூண்டுகிறவை எவை என்று ஆராய்ந்தபோது ஐந்து தெரியவந்தன: உடம்பைக் கட்டி வைப்பது, ஊட்டக் குறைவு, மூன்றுக்குமேல் புது மருந்துகள் சேர்ப்பது, சிறுநீர்க் குழாய், சிகிச்சையின்போதே நேரும் வேறு பாதிப்பு. படித்துப் பாருங்கள், ஒன்றுகூட நோயின் பெயர் இல்லை.

கட்டிலும் சேர்ந்தே கெடுக்கிறது. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொல்லிப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளியானது. கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போய்விட்டது. நோயில்லாதவர்களுக்கே அப்படி. நலிந்தவருக்கு ஒரு வாரப் படுக்கை என்பது, கழிப்பறைக்குத் தானே போய்வந்தவர் இனி அப்படிப் போக முடியாமல் ஆவது. "எழுந்திருக்காதீர்கள், விழுந்துவிடுவீர்கள்" என்று அன்பால் சொல்கிறோம். அப்படிச் சொல்லிச் சொல்லியே கால்களை இழக்கச் செய்கிறோம்.

கையைக் கட்டிலோடு கட்டுவதைப் பற்றியும் என் கருத்து இதுதான்: கட்டினால் குழப்பம் கூடும். யார் என்று தெரியாத ஆட்கள் இருட்டில் கையைக் கட்டினால் நீங்கள் என்ன செய்வீர்களோ அதையே அவரும் செய்கிறார். ஊசி போட்டு அடக்குவதும் சிகிச்சை அல்ல. ஹாலோபெரிடால் போன்ற மருந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் குழப்பத்தின் நாள்களைக் குறைக்கவில்லை என்று 2018-இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற கட்டத்தில் மருத்துவர் குறைந்த அளவில் கொடுக்கலாம். அடியில் இருக்கும் காரணத்தை அது தொடாது.

உடன் இருப்பவர் என்ன செய்யலாம்?

நம் ஊர் வார்டுகளில் ஒரு பெரிய வசதி உண்டு: துணைக்கு ஆள். வெளிநாட்டு மருத்துவமனைகள் பயிற்சி கொடுத்துத் தொண்டர்களை வைத்துச் செய்யும் வேலையை நம் மகளும் மருமகளும் பேரனும் செய்ய முடியும். இனோயேயின் குழு யேல் மருத்துவமனையில் செய்த சோதனை 1999-இல் வெளியானது. எழுபது வயது நிறைந்த 852 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு, மருந்தில்லாத சிறிய உதவிகளைத் தொடர்ந்து செய்தார்கள். இடமும் நாளும் நினைவூட்டுவது, நடக்க வைப்பது, கண்ணாடியும் காதுக் கருவியும் போட்டுவிடுவது, தண்ணீர் கொடுப்பது, தூக்க மாத்திரைக்குப் பதில் இளஞ்சூடான பாலும் முதுகு தடவுதலும் அமைதியும். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 15 சதவீதத்தினருக்கு வந்த குழப்பம், இவர்களில் 9.9 சதவீதத்தினருக்கே வந்தது. ஆனால் ஒருமுறை வந்துவிட்ட குழப்பத்தின் கடுமையை அதே உதவிகளால் குறைக்க முடியவில்லை. முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிட அழுத்தமான சான்று வேண்டியதில்லை.

கண்ணாடி, காதுக் கருவி, பல்செட் மூன்றும் தொலைந்துவிடும் என்று பயந்து கைக்குட்டையில் முடிந்து பையின் அடியில் வைப்பார்கள். வெளியே எடுங்கள். சரியாகப் பார்க்க முடியாத, கேட்க முடியாத, மெல்ல முடியாத ஒருவரை நாமே அரை இருட்டில் தள்ளுகிறோம். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரைக் கொண்டுவந்து கண்ணில் படும்படி தொங்கவிடுங்கள். காலையில் தாளை அவரே கிழிக்கட்டும். நாள், கிழமை, நட்சத்திரம் வரை அதில் இருக்கிறது. பகலில் ஜன்னல் திறந்திருக்கட்டும், நாற்காலியில் உட்காரட்டும். டாக்டர் அனுமதித்தால் சாப்பாட்டையும் உட்கார்ந்தே சாப்பிடட்டும். இரவில் விளக்கைக் குறைத்து, கைபேசியை அணைத்துவிட்டு, பேச்சைத் தாழ்த்துங்கள். மலம், சிறுநீர் போனதா என்று தினமும் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அது இன்னும் தேவையா என்று ரவுண்ட்ஸ் வரும்போது ஒவ்வொரு நாளும் கேளுங்கள். பத்துப் பேர் ஒன்றாக வந்து பார்ப்பதைவிட, தெரிந்த முகம் ஒன்று கூடவே இருப்பது மேல்.

மாடு வந்துவிட்டது என்று சொன்னால் "இங்கே மாடு எங்கே இருக்கிறது?" என்று வாதாட வேண்டாம். "கட்டிவிட்டேன்" என்று பொய் சொல்லவும் தேவையில்லை. "நான் இருக்கிறேன் அம்மா. இது ஆஸ்பத்திரி. காலுக்கு ஆபரேஷன் முடிந்திருக்கிறது. இன்றைக்கு வியாழக்கிழமை" என்று கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக, தேவைப்படும் வரை சொல்லுங்கள்.

மருத்துவரிடம் "அம்மா ஒரு மாதிரி இருக்கிறார்கள்" என்று சொன்னால் அந்தச் சொல் காற்றில் போய்விடும். "நேற்றுக் காலை வரை என் பெயர் சொன்னார்கள். நேற்று மாலை விளக்கு வைக்கும் நேரத்திலிருந்து ஆளைத் தெரியவில்லை. காலையில் சற்றுத் தெளிந்தார்கள், மறுபடி மங்கிவிட்டார்கள்" என்று நேரத்தோடு சொல்லுங்கள். தலையில் அடிபட்டிருந்தாலோ, ஒரு பக்கக் கை கால் தொய்ந்தாலோ, மூச்சு வேகமானாலோ, எழுப்பினாலும் எழவில்லை என்றாலோ ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கவே கூடாது.

முதியோர் மருத்துவம் என்ற தனித் துறை நமக்கு அந்நியமானதல்ல. இந்தியாவில் முதியோருக்கென்று முதல் பிரிவு 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில், பேராசிரியர் வ.செ. நடராஜன் முயற்சியால் தொடங்கியது. கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. நலிந்த பெரியவருக்கு அவசரமில்லாத அறுவை ஒன்று திட்டமிடப்பட்டால், அதற்குமுன் இத்துறை மருத்துவர் ஒருவரிடம் காட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சில வாரங்கள் கிடைத்தால்கூட உணவில் புரதம் கூட்டி, நடையையும் கால் வலுவையும் ஏற்றி, வேண்டாத மாத்திரைகளைக் கழிக்க முடியும். பேட்டரி புதிதாகாது, ஆனால் கொஞ்சம் சார்ஜ் ஏறும்.

வீடு திரும்பிய பிறகு

காரணத்தைச் சரிசெய்ததும் மறுநாளே தெளிந்துவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். பலருக்குச் சில நாள்களில் தெளியும். சிலருக்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பு இவர்களுக்குக் கூடுதல் என்பதால், இரண்டு மூன்று மாதம் கழித்து நினைவாற்றலை ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. டிஸ்சார்ஜ் சீட்டில் "மருத்துவமனையில் டெலிரியம் வந்தது" என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த முறை எந்த மருத்துவமனையில் சேர்ந்தாலும் அந்த ஒரு வரி உதவும்.

குழப்பத்தில் நடந்தது எதுவும் அவர்களுக்கு நினைவிருக்காது என்று பலரும் நினைக்கிறார்கள். நிறையப் பேருக்கு நினைவிருக்கிறது, துண்டு துண்டாக. வீட்டாரைத் திட்டியதும் ஆடை விலகிக் கிடந்ததும் நினைவுக்கு வந்து, அதை யாரிடமும் கேட்க முடியாமல் குறுகிப்போகிறார்கள். அது உடம்பு நோயின் வேலை, உங்கள் குணத்தின் வேலை அல்ல என்று யாராவது அவர்களிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

அந்த ஒன்பதாம் கட்டில் பாட்டி ஆறு வாரம் கழித்துப் பேரனோடு புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். பழையபடி ஓயாமல் பேசினார். கிளம்பும்போது பேரனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார்.

"ராத்திரியெல்லாம் சுவரில் எறும்பு ஊர்ந்ததே, அதை உன்னிடம் சொன்னேனா அம்மா?"

"இல்லை பாட்டி, நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை."

"சொன்னால் பைத்தியம் என்று நினைப்பீர்கள் என்று பயந்து, மூன்று நாளும் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தேன்" என்றார்.